காலுக்குத் தெரிந்த சூடு

பெட்ரோல் கார் வைத்திருப்பவர்கள் ஒன்று செய்து பார்க்கலாம். இன்ஜினை ஸ்டார்ட் செய்யாமல் பிரேக்கை நாலைந்து முறை மிதியுங்கள். முதல் இரண்டு மிதிக்குப் பெடல் இணங்கி இறங்கும். மூன்றாவதில் முரண்டு பிடிக்கும். அதற்குப் பிறகு கட்டையாகிவிடும். அந்தக் கட்டையை அழுத்திப் பிடித்தபடியே சாவியைத் திருப்புங்கள். இன்ஜின் பிடித்ததும் பெடல் காலுக்கடியில் மெல்ல அமிழும். படுத்திருக்கும் மாடு பெருமூச்சு விடும்போது விலா இறங்குமே, அப்படி.

மெக்கானிக்குகளுக்கு இது பூஸ்டர் வேலை செய்கிறதா என்று பார்க்கும் சோதனை. இன்ஜின் காற்றை உறிஞ்சும்போது உண்டாகும் வெற்றிடம் பூஸ்டருக்குள் இருக்கும் ரப்பர் திரையை இழுக்கிறது. நம் காலோடு சேர்ந்து அதுவும் மிதிக்கிறது. ஆல்பர்ட் டெவாண்ட்ர் என்ற பெல்ஜியப் பொறியாளர் 1927ல் கொண்டுவந்த யோசனை. ஏறக்குறைய நூறு வருஷமாகக் கார் ஓட்டுகிறவர்களுக்கு அதுதான் துணைக்கால். எனக்கு அந்த அமிழ்தல், தினமும் காலையில் வண்டி போடும் ஒரு 'ம்'.

இரண்டு வருஷமாக அந்த 'ம்' தினமும் கேட்பதில்லை. மின்சாரக் கார் வாங்கிவிட்டேன். பட்டனைத் தொட்டால் திரை ஒளிர்கிறது, ஒரு பெண்குரல் ஏதோ சொல்கிறது, வண்டி தயார். பெடல் வைத்த இடத்தில் வைத்தபடி இருக்கிறது.

இதற்கெல்லாம் ஏங்குவார்களா என்று கேட்கலாம். என் பிழைப்பே அந்தப் பெடல்தான். ஸ்ரீபெரும்புதூருக்கும் ஒரகடத்துக்கும் நடுவில் இருக்கிற கம்பெனிகளில் ஒன்றில், பிரேக் பிரிவில் இருபத்தாறு வருஷம். வண்டி நிற்கிறதா, எத்தனை மீட்டரில் நிற்கிறது என்று பார்ப்பது பக்கத்து மேசைக்காரர்களின் வேலை. நிற்கும்போது ஓட்டுகிறவர் காலுக்கு எப்படி இருக்கிறது என்று பார்ப்பது எங்கள் வேலை. இதைச் சொன்னால் ஊரில் சொந்தக்காரர்கள் சிரிப்பார்கள். "மிதிச்சா நிக்கோணும். அதுக்கு மேல என்னத்தப் பாக்கறீங்க?"

அதற்கு மேல் இருக்கிறது என்று எனக்குக் காட்டியவர் என் மாமா. பொள்ளாச்சியில் டாக்ஸி ஓட்டினார். அம்பாசடர்.

அந்த வண்டியின் பிரேக் பெடல் இப்போதைய கார்களில் போல மேலிருந்து தொங்காது. தரையைத் துளைத்துக்கொண்டு, செடி முளைத்த மாதிரி நிற்கும். நாலு சக்கரத்திலும் டிரம். பூஸ்டர் கிடையாது. மாமாவின் காலில் எவ்வளவு பலமோ அவ்வளவுதான் பிரேக். பெடலின் ரப்பர் என்றைக்கோ தேய்ந்து போய், நடுவில் இரும்பு பளபளவென்று தெரியும். வண்டியில் ஏறியதும் அவர் முதலில் செய்வது செருப்பைக் கழற்றி சீட்டுக்கடியில் தள்ளுவது. நம்மூரில் டிரைவர்கள் பலருக்கும் இந்தப் பழக்கம் உண்டு, வண்டிக்குக் கொடுக்கிற மரியாதை என்று சிலர் சொல்வார்கள். மாமா சொன்ன காரணம் வேறு. "செருப்புக் காலோட பிரேக் மிதிக்கறது, கையில உறை மாட்டீட்டுச் சோறு பெசையற மாதிரி கண்ணு. உப்பு தெரியாது, சூடு தெரியாது."

உப்பு எனக்குப் புரியவில்லை. சூடு மட்டும் பிறகு புரிந்தது.

ஆனால் சூட்டுக்கு முன்னால் காற்று. வருஷத்துக்கு ஒரு தடவையாவது பிரேக் லைனில் காற்று புகுந்துவிடும். அதை எடுக்க இரண்டு ஆள் வேண்டும். மாமா சாக்கை விரித்து வண்டிக்கடியில் படுப்பார். சக்கரத்துக்குப் பின்னால் இருக்கும் நிப்பிளில் ரப்பர் டியூபை மாட்டி, மறுமுனையைக் கொஞ்சம் பிரேக் ஆயில் ஊற்றிய ஹார்லிக்ஸ் பாட்டிலுக்குள் விடுவார். நான் மேலே. உட்கார்ந்தால் கால் எட்டாது என்பதால் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே மிதிப்பேன்.

"அடி... அடி... அடி... புடிச்சுக்க!"

நான் அழுத்திப் பிடித்ததும் அவர் நிப்பிளைத் திறப்பார். பெடல் என் காலோடு தரைக்குப் போகும். பாட்டிலில் குமிழ் உடைகிற சத்தம் கேட்கும்.

"உட்டராதே!"

நிப்பிளை இறுக்கிய பிறகுதான் கீழேயிருந்து உத்தரவு வரும். "ம்."

தூரத்துச் சக்கரத்தில் தொடங்கி, கிட்டத்துச் சக்கரத்தில் முடிப்பார். நாலு சக்கரத்துக்கும் இதே கச்சேரி. தொடக்கத்தில் பஞ்சு மூட்டையை மிதிப்பது போல இருக்கும். இரண்டாவது சக்கரம் முடிந்ததும் ஈரக் களிமண். கடைசிச் சக்கரத்தில் காலுக்கடியில் திடமாக ஒன்று வந்து நிற்கும், இருட்டில் துழாவிக்கொண்டே போய் வரப்பில் கால் வைத்த மாதிரி. அடைத்துவைத்த திரவம் அமுங்காது, காற்று அமுங்கும் என்று பின்னால் வகுப்பில் எழுதிப்போட்டபோது எனக்கு அதில் புதிதாகத் தெரிந்துகொள்ள ஒன்றுமில்லை. என் பாதத்துக்கு அது ஏற்கெனவே தெரிந்திருந்தது. பஞ்சு, களிமண், வரப்பு. இருபத்தாறு வருஷம் நான் பார்த்த வேலை இந்த மூன்று சொற்களுக்கு எண் போடுகிற வேலைதான்.

பள்ளிக்கூடம் லீவு விட்டால் மாமாவோடு வால்பாறை. ஆழியாறு தாண்டி 40 கொண்டை ஊசி வளைவுகள். ஏறும்போது ரேடியேட்டர் பற்றிய கவலை, இறங்கும்போது பிரேக். முன்சீட்டு ஒரே பெஞ்சு என்பதால் கூட்டம் அதிகமானால் நான் மாமாவுக்கும் பக்கத்து ஆளுக்கும் நடுவில் ஒண்டிக்கொள்வேன். அவர் கால் எனக்கு நன்றாகத் தெரியும். கட்டைவிரல் பெடலின் மேல்விளிம்பைக் கவ்வியிருக்கும். இறக்கத்தில் அவர் பிரேக்கை மிதித்தபடியே இறங்க மாட்டார். இரண்டாவது கியர், இன்ஜின் உறுமல், வளைவுக்கு முன்னால் மட்டும் ஒரு மிதி. மிதித்து விட்டதும் கால் பெடலின் மேலேயே தொட்டும் தொடாமலும் இருக்கும்.

ஒருநாள் இறக்கத்தில் பாதி தூரம் வந்திருப்போம். அவர் திடீரென்று வண்டியை ஓரம் கட்டினார். பின்சீட்டில் இருந்தவர்கள் ஏன் என்றார்கள். "டீ குடிக்கறவங்க குடிங்க" என்றார். அங்கே டீக்கடையே இல்லை. சக்கரங்களுக்கு முன்னால் கல் வைக்கச் சொன்னார். கருகிய வாசனை அப்போதுதான் எங்களுக்கு வந்தது. நான் குடத்திலிருந்த தண்ணீரை எடுத்துப்போய்ச் சக்கரத்தில் ஊற்றப் பார்த்தேன், 'சுர்ர்' என்று கேட்குமே என்ற ஆசை. கையைப் பிடித்துவிட்டார். "டிரம்மு வெடிச்சுரும்டா. தானா ஆறட்டும்."

வாசனை வருமுன் உங்களுக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்டேன்.

"பெடல் ஒரு விரக்கடை எறங்கிருச்சு கண்ணு."

அதன் சூத்திரம் பிறகு படித்தது. டிரம் என்பது சக்கரத்தோடு சுற்றும் இரும்புச் சட்டி. உள்ளேயிருந்து இரண்டு ஷூக்கள் வெளிப்பக்கமாக விரிந்து அதை அழுத்தும். சூடானால் சட்டி விரியும், ஷூவைவிட்டு விலகிப்போகும். அந்த இடைவெளியை நிரப்பக் கால் இன்னும் கொஞ்சம் கீழே போக வேண்டும். ஆகவே டிரம் வைத்த வண்டியின் பெடல் ஒரு தெர்மாமீட்டர். மாமாவுக்கு விரியும் கணக்கெல்லாம் தெரியாது. விரக்கடைக் கணக்குத் தெரியும்.

அந்த பிரேக் நல்ல பிரேக் என்று நான் ஒருநாளும் சொல்ல மாட்டேன். மழையில் இடப்பக்கம் இழுக்கும். டிரம் கொஞ்சம் கோணிவிட்டால் பெடல் துடிக்கும், லேத்தில் கொடுத்துக் கடைய வேண்டும். லைனிங்கில் கல்நார். ஒரு லாரி திடீரென்று குறுக்கே வந்தால் நின்ற இடம் மாமாவின் தொடை பலத்தையும் லாரிக்காரரின் கருணையையும் பொறுத்தது. என் மகளை அந்த வண்டியில் அனுப்புவேனா என்றால் அனுப்ப மாட்டேன்.

நான் வேலைக்குச் சேர்ந்தபோது டிரம்முக்கும் ஷூவுக்கும் அப்பால் விஷயம் போயிருந்தது. முன்சக்கரத்தில் டிஸ்க், இன்ஜினுக்குப் பின்னால் பூஸ்டர். சென்னை இதற்குப் புதிய ஊர் இல்லை. பாடியில் 1962லிருந்தே பிரேக்ஸ் இந்தியா இருக்கிறது. எனக்குக் கொடுத்த முதல் பாடம் ஓர் ஐ.நா. விதி, 13-எச். கார் பிரேக் முழுதாகப் பிடிக்கக் காலின் விசை 65 நியூட்டனுக்குக் குறையவும் கூடாது, 500ஐத் தாண்டவும் கூடாது. கடைக்காரர் பாஷையில் ஆறரைக் கிலோவிலிருந்து ஐம்பது கிலோ. சட்டம் கேட்பது இவ்வளவுதான். ஆறரைக்கும் ஐம்பதுக்கும் நடுவில் இருக்கிற பெரிய பொட்டல்காட்டில் எந்த இடத்தில் வீடு கட்டினால் ஜனங்களுக்குப் பிடிக்கும் என்பதில்தான் எங்கள் சம்பளம்.

1994லேயே ஜெனரல் மோட்டார்ஸ் பொறியாளர்கள் இந்த உணர்வுக்கு ஒரு குறியீட்டெண் போட்டுக் கட்டுரை எழுதியிருந்தார்கள். மிதிக்க எவ்வளவு விசை, பெடல் எவ்வளவு தூரம் போகிறது, முதல் பிடி எந்த இடத்தில், அதற்குப் பிறகு விசையும் வேகக்குறைவும் சேர்ந்தாற்போல் ஏறுகின்றனவா. எங்களிடமும் அப்படி ஒரு தாள் இருந்தது. பெடலில் ஒரு விசைமானியைக் கட்டிக்கொண்டு, மெல்லிய அடிப்பாகமுள்ள ஷூ போட்டுக்கொண்டு, காலையிலிருந்து சாயங்காலம் வரை அறுபதிலிருந்து நிற்க, எண்பதிலிருந்து நிற்க. பத்துக்கு மதிப்பெண். கருத்து என்ற கட்டத்தில் ஆங்கிலத்தில் எழுத வேண்டும் என்பது விதி. நாங்கள் ஒருவருக்கொருவர் பேசிக்கொண்டது தமிழில்தான். பஞ்சா இருக்கு. கட்டையா இருக்கு. வழுக்குது. கடிக்குது. ஒருமுறை ஒரு சீனியர் ஓட்டிவிட்டு இறங்கி, "புதுசா கல்யாணம் ஆன மாதிரி இருக்கு, ரொம்ப பயந்து பிடிக்குது" என்றார். அதை எந்தக் கட்டத்தில் எழுதுவது?

இதில் எனக்கு மிகவும் பிடித்த பாகம் ஒரு ரப்பர் வில்லை. பூஸ்டருக்குள்ளே, நடுவில், பத்து ரூபாய் நாணயம் அளவில் இருக்கும். ஒரு பக்கம் நம் காலின் தண்டும் பூஸ்டரின் பலமும் அதை அழுத்தும், மறுபக்கம் பிரேக் ஆயிலின் அழுத்தம். கடுமையாக நசுங்கும்போது ரப்பர் கிட்டத்தட்டத் திரவம் போலவே நடந்துகொள்ளும். மொத்தப் பலத்தில் எத்தனை பங்கு காலுக்குத் திரும்பி வர வேண்டும் என்று பங்கு பிரிப்பது அந்த வில்லைதான். அதற்கும் தண்டுக்கும் நடுவில் ஒரு சின்ன இடைவெளி விட்டிருப்பார்கள். மில்லிமீட்டரில் சில பத்தில் ஒரு பங்குகள். அந்த இடைவெளியைக் கொஞ்சம் கூட்டினால் பிரேக் தொட்ட மாத்திரத்தில் சட்டென்று கவ்வும். குறைத்தால் சோம்பலாகத் தொடங்கும். ஒரு முடியளவு விஷயம், ஆனால் வாங்குகிறவர் "பிரேக் சூப்பர்" என்பாரா "பிரேக் வீக்" என்பாரா என்பது அதில் இருக்கிறது.

இங்கேதான் எங்களுக்குள் சண்டை வரும். ஷோரூமில் ஐந்து நிமிஷம் ஓட்டிப் பார்க்கிறவருக்குப் பிடிப்பது சட்டென்று கவ்வும் பிரேக். "தொட்டா நிக்குது!" என்று சந்தோஷமாகக் கையெழுத்துப் போடுவார். அதே மனிதர் கத்திப்பாராவில் சாயங்காலம் ஆறு மணிக்கு ஊர்ந்து போகும்போது, பின்சீட்டில் அவர் மாமியார் தலை முன்னும் பின்னும் ஆடி ஆடிப் பாதி வழியில் வாந்தி எடுப்பார். பத்து வருஷம் கூட வாழப்போகிற பெடலை ஐந்து நிமிஷத்தில் பெண் பார்க்கிற மாதிரி பார்த்தால் அப்படித்தான். நான் எப்போதும் மாமியார் கட்சி. விற்பனைப் பிரிவு எப்போதும் மருமகன் கட்சி. யார் ஜெயித்திருப்பார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை.

நாங்கள் செய்து கொடுத்த பிரேக் பொருத்திய காரை நானே ஒன்று வாங்கினேன். மாமாவுக்கு அப்போது அறுபத்தைந்து தாண்டியிருந்தது. டாக்ஸியை விற்று நாளாகிவிட்டது. "ஓட்டிப் பாருங்க மாமா" என்று சாவியைக் கொடுத்தேன். வாசலில் செருப்பை விட்டுவிட்டு ஏறினார். தெருமுனையில் அம்பாசடர் பலத்தில் ஒரு மிதி. வண்டி மூக்கைக் குத்திக்கொண்டு நின்றது, அவர் கண்ணாடி டாஷ்போர்டில் போய் விழுந்தது. கண்ணாடியை எடுத்துத் துடைத்துக்கொண்டே சிரித்தார்.

"என்ன மாப்ளே, தொட்டாச்சிணுங்கியக் கொண்டாந்து வெச்சிருக்கறீங்க?"

வில்லையின் இடைவெளி அதிகம் என்பதற்கு அதைவிடச் சரியான சொல்லை நான் எந்தக் கட்டுரையிலும் பார்க்கவில்லை. அடுத்த நாலு மிதியில் அவர் கால் பழகிவிட்டது. வெறும் பாதத்தால் பெடலின் முதல் ஒரு சென்டிமீட்டரை அவர் தடவிப் பார்த்த விதம், ஜவுளிக்கடையில் சேலைத் தலைப்பை விரலிடுக்கில் உருட்டிப் பார்ப்பார்களே, அந்த மாதிரி.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவரை வால்பாறைக்கு அழைத்துப் போனேன். இறங்கும்போது அவரையே ஓட்டச் சொன்னேன். இரண்டாவது கியர், வளைவுக்கு முன் ஒரு மிதி. பாதி தூரத்தில் கேட்டார்.

"இதுல சூடாச்சுன்னா எப்படித் தெரியும்?"

"அவ்வளவு லேசில் சூடேறாது மாமா. டிஸ்க் திறந்துதானே கிடக்குது, காத்து பட்டு ஆறிரும்."

"சரி. ஆச்சுன்னா?"

டிஸ்க் சூடானால் டிரம் போல விலகிப் போகாது. பேடு இரண்டு பக்கமும் ஒட்டியே நிற்கும். பெடல் நீளாது. அதுதான் டிஸ்க்கின் பெருமை என்று நானே பயிற்சி வகுப்பில் பாடம் எடுத்திருக்கிறேன். ஆனால் வருஷக்கணக்காக மாற்றாமல் ஈரம் குடித்துக் கிடக்கிற பிரேக் ஆயில் கொதித்துவிட்டால், பெடல் விரக்கடை விரக்கடையாக இறங்காது, ஒரேயடியாகத் தரைக்குப் போகும். இதையெல்லாம் அவரிடம் சொல்லத் தொடங்கினேன். அவர் அடுத்த வளைவைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை. ஆழியாறு வந்ததும் இறங்கி, பழக்கத்தில் முன்சக்கரத்துக்குப் பக்கத்தில் குனிந்து, உள்ளங்கையை அதனருகே காட்டிப் பார்த்தார். அனல் அடித்திருக்க வேண்டும், கையை எடுத்துக்கொண்டார். ஒன்றும் சொல்லாமல் டீக்கடைக்கு நடந்தார்.

அதற்குப் பிறகு தொழில் போன திசை வேறு. கால் ஒருபக்கம், சக்கரம் மறுபக்கம், நடுவில் கம்பியும் கணினியும். இந்த ஆசை புதிதில்லை. சித்ரோயன் டி.எஸ். என்ற பிரெஞ்சுக் கார் 1955ல் வந்தபோது அதில் பெடலுக்குப் பதில் தரையில் காளான் மாதிரி ஒரு ரப்பர் குமிழ் இருந்தது. அசையக்கூட அசையாது, அழுத்தத்துக்குத்தான் பிடிக்கும். பழகியவர்கள் கொண்டாடினார்கள், பழகாதவர்கள் முதல் திருப்பத்திலேயே கண்ணாடியில் முட்டிக்கொண்டார்கள். 2001ல் மெர்சிடிஸ் தன் எஸ்.எல். காரில் மின்சார பிரேக் வைத்தது. 2004ல் 6,80,000 கார்களைத் திரும்ப அழைக்க வேண்டிவந்தது. 2010 பிப்ரவரியில் டொயோட்டா, பிரியஸ் உள்ளிட்ட ஹைபிரிட் கார்களில் நாலு லட்சத்துக்கு மேல் திரும்ப அழைத்தது. பிரேக் பழுதாகவில்லை. மேடுபள்ளத்தில் மோட்டார் பிரேக்கிலிருந்து ஆயில் பிரேக்குக்கு மாறும்போது ஒரு கணம் பிடி நழுவுகிறாற்போல் காலுக்குத் தோன்றியது. அதுதான் புகார். அந்த வாரம் எங்கள் கேன்டீனில் எல்லோரும் கொஞ்சம் நிமிர்ந்து நடந்தோம். காலுக்கு எப்படி இருக்கிறது என்று பார்ப்பதெல்லாம் ஒரு வேலையா என்று கேட்டவர்களுக்கு, எங்களுக்குப் பதிலாக ஜப்பான் பதில் சொல்லிவிட்டது.

இப்போதைய மின்சாரக் கார்களில் பலவற்றில், சாதாரணமாக மிதிக்கும்போது கால் பிரேக்கைத் தொடுவதே இல்லை. மோட்டார் ஜெனரேட்டராக மாறி வண்டியை நிறுத்துகிறது. எவ்வளவு மோட்டார், எவ்வளவு பேடு என்று கணினி தீர்மானிக்கிறது. நம் கால் மிதிப்பது ஒரு சிலிண்டருக்குள் இருக்கும் சுருள்கம்பியையும் ரப்பரையும். பெடல் சிமுலேட்டர் என்பார்கள். முன்பு பூஸ்டரும் ஆயிலும் காலிபரும் டிஸ்க்கும் சேர்ந்து காலுக்குத் திருப்பித் தந்த உணர்வை, ஒரு கம்பிச்சுருள் நடித்துக் காட்டுகிறது. நன்றாகவே நடிக்கிறது. பஞ்சு இல்லை, கட்டை இல்லை, சிணுங்கல்கூட இல்லை. ஒவ்வொரு நாளும் ஒரே வரப்பு. பேடு புதிதோ தேய்ந்ததோ, குளிரோ கொதிப்போ, வரப்பு மாறாது. அந்த மாதிரி ஒரு சிலிண்டரின் கம்பிச்சுருளுக்கு எவ்வளவு விறைப்பு வேண்டும் என்று மூன்று மாதம் உட்கார்ந்து முடிவு செய்தவர்களில் நானும் ஒருவன். என் கடைசி வேலை அது. நல்ல மதிப்பெண் வந்தது.

ஒரு வேடிக்கை. மோட்டாரே நிறுத்திவிடுவதால் டிஸ்க்குக்கு வேலை குறைந்து துருப்பிடிக்கிறது. அதனால் ஃபோல்க்ஸ்வாகன் தன் ஐ.டி. வரிசை மின்சாரக் கார்களின் பின்சக்கரத்துக்கு மறுபடியும் டிரம் வைத்துவிட்டது, மூடிக்கிடந்தால் துரு ஏறாதல்லவா. செய்தியைப் படித்ததும் மாமாவிடம் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. அவர் போய் அப்போது ஆறு வருஷம்.

போன மார்கழியில் மின்சாரக் காரில் வால்பாறை போனோம். இறக்கத்தில் நான் பிரேக்கைத் தொட்டது மொத்தம் நாலு முறையோ ஐந்து முறையோ. ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் வண்டி தானாகத் தயங்குகிறது. பக்கத்தில் இருந்த மகள், "இனிமே பிரேக்கே எதுக்குப்பா?" என்றாள். மேலே கிளம்பும்போது பேட்டரி 61 சதவீதம், கீழே வந்தபோது 66. கணக்குப் போட்டுப் பார்த்தேன், பழைய தொழில். ஆட்களோடு 1,500 கிலோ வண்டி 800 மீட்டர் இறங்கினால் ஏறக்குறைய மூன்றேகால் யூனிட் மின்சாரத்துக்குச் சமமான சக்தி வெளியாகும். மாமாவின் காலத்தில் அந்த மூன்றேகால் யூனிட்டும் இன்ஜினிலும் நாலு டிரம்மிலும் சூடாகி, கருகிய வாசனையாகி, காட்டுக்குள் போனது. இப்போது அதில் இரண்டு யூனிட் திரும்பி வந்துவிட்டது. நியாயமாகப் பார்த்தால் கொண்டாட வேண்டும். ஆழியாறில் இறங்கி சக்கரத்தின் பக்கத்தில் கையைக் காட்டினேன். பானைத் தண்ணீர் மாதிரி இருந்தது. மகள் செல்போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தாள். "என்னங்க, பஞ்சரா?" என்று மனைவி கேட்டாள். இல்லை என்றேன்.

பழைய பெட்ரோல் காரை விற்காமல் வைத்திருந்தேன், அந்தத் தொட்டாச்சிணுங்கியை. ஓட்டுவதற்கு இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் பேட்டரி இறங்கிவிடக் கூடாது என்று ஒரு சாக்கு சொல்லி ஸ்டார்ட் செய்வேன். நாலு மிதி, கட்டை, சாவி, அமிழ்தல். அவ்வளவுதான், பத்து நிமிஷத்தில் அணைத்துவிடுவேன். நிறுத்த இடமில்லை என்று வீட்டில் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். அவர்கள் சொல்வது சரி.

போன மாதம் வாங்க நாலு பேர் வந்தார்கள். ஒருவர் டயரை எட்டி உதைத்தார். ஒருவர் பெயின்டில் விரலால் தட்டிக்கொண்டே சுற்றி வந்தார். இன்னொருவர் நேராக ஏசியைப் போட்டு, முகத்தை அதில் காட்டிக்கொண்டு விலை பேசினார். கடைசியாக வந்தது பூந்தமல்லிப் பக்கத்திலிருந்து ஒரு பையன். முப்பது வயது இருக்கும், வாடகைக்கு வண்டி ஓட்டுகிறாராம். சொந்தமாக ஒன்று வாங்க வேண்டும், பட்ஜெட் கம்மி என்றார். நான் சொன்ன விலைக்கு அவர் சொன்னது நாற்பதாயிரம் குறைவு.

"ஒரு தடவ ஸ்டார்ட் பண்ணிப் பாக்கட்டுங்களா சார்?"

"பாருங்க தம்பி."

கதவைத் திறந்தார். செருப்பைக் கழற்றி, இரண்டையும் சேர்த்து, வெளியே கதவோரமாக வைத்தார். உட்கார்ந்தார். சாவியைப் போடவில்லை. ஒருமுறை மிதித்தார், இன்னொரு முறை, இன்னொரு முறை. கட்டையானதும் காலை எடுக்காமல் சாவியைத் திருப்பினார். இன்ஜின் பிடித்தது. நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை, பாதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இரண்டாவது சாவி உள்ளே பீரோவில் இருந்தது. எடுத்துவரப் போனேன்.